கோல்ஃப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் புதிர் விளையாட்டு என்றால் உயிர். கணினியில் எனக்கு ஏற்ற கோல்ஃப் கேம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. ‘கோல்ஃப் பீக்ஸ்’ வாங்குங்கள். 2018-ல் வந்தது, செய்தது ஆஃப்டர்பர்ன் என்ற போலந்துக் குழு. பந்து குழியில் விழ வேண்டும் என்பதைத் தவிர கோல்ஃபில் வேறெதுவும் தெரிந்திருக்க வேண்டாம். கணினி கேம்கள் விற்கும் ‘ஸ்டீம்’ என்ற ஆன்லைன் கடையில் கிடைக்கும், பழைய லேப்டாப்பே போதும்.

வழக்கமான கோல்ஃப் கேம்கள் நம்மைப் போன்றவர்களை விரட்டியடிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1984-ல் ஜப்பானிய கேம் நிறுவனமான நிண்டெண்டோ ‘கோல்ஃப்’ என்றே ஒரு கேம் வெளியிட்டது. அதற்கு நிரல் எழுதிய சதோரு இவாதா பின்னாளில் அந்த நிறுவனத்துக்கே தலைவரானார். அதில் பட்டனை மூன்று முறை அழுத்த வேண்டும்: மட்டையை ஓங்க ஒன்று, வேகத்துக்கு ஒன்று, பந்தில் சரியாகப் பட ஒன்று. அதற்குப் பின் வந்த எத்தனையோ கோல்ஃப் கேம்கள் இந்த மூன்று அழுத்தத்தைத்தான் பிடித்துக்கொண்டன. எங்கே அடிக்க வேண்டும் என்று மூளை சரியாகக் கணக்குப் போட்டிருக்கும், விரல் கால் நொடி பிந்தினால் பந்து புதருக்குள். புதிர்ப் பிரியருக்கு இதைவிட எரிச்சல் வேறென்ன வேண்டும்?

கோல்ஃப் பீக்ஸில் அந்த விரல் வித்தையே கிடையாது. தரை முழுக்கக் கட்டங்கள். உங்கள் கையில் சில அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். சில அட்டைகள் பந்தைத் தரையில் உருட்டும், சில தூக்கி அடிக்கும். திசையை நீங்கள் முடிவு செய்யலாம், தூரத்தை அட்டைதான் முடிவு செய்யும். ஓர் அட்டையை ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். ஆக, எந்த அட்டையை எப்போது, எந்தப் பக்கம் என்பதுதான் முழு விளையாட்டும்.

ஓர் உதாரணம். பந்து ஒரு கட்டம் பின்னால் போக வேண்டும், கையில் இருப்பதோ மூன்று கட்டம் உருட்டும் அட்டை. பின்னால் அடித்தால் இடத்தைத் தாண்டிவிடும். முன்னால் ஒரு கட்டம் தள்ளி ஒரு சுவர் இருக்கிறது. அதை நோக்கி அடியுங்கள்: ஒரு கட்டம் போய், மோதி, மிச்ச இரண்டு கட்டத்தைத் திரும்பி உருண்டு கடந்து, வேண்டிய இடத்தில் வந்து நிற்கும். கேரம் ஆடியவர்களுக்கு இந்த ரிபவுண்டு சுலபமாகப் பிடிபடும். பிறகு சரிவுகள் வருகின்றன, மணல் வருகிறது. மணலில் சிக்கிய பந்தை உருட்டி எடுக்க முடியாது, தூக்கி அடிக்கும் அட்டை வேண்டும். அதை முன்பே செலவழித்திருந்தால் அன்டூ பட்டன்தான் கதி. நல்லவேளை, அதற்குத் தண்டனை எதுவும் இல்லை.

120-க்கும் மேல் லெவல்கள். ஆரம்ப லெவல்கள் ஒரு மூச்சில் முடிந்துவிடும், அதைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்று மூடிவிடாதீர்கள். பின்னால் வருபவை வேறு ரகம். என் அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து “அந்த அட்டையைக் கடைசிக்கு வைங்க மாமா” என்று சொல்லித்தான் ஒரு லெவலைத் தாண்டினேன். அவனுக்கும் கோல்ஃப் தெரியாது.

அடுத்து ‘வாட் த கோல்ஃப்?’. 2019-ல் கோபன்ஹேகனைச் சேர்ந்த ட்ரைபேண்ட் வெளியிட்டது. பந்தை அடிக்கப் போவீர்கள், பந்துக்குப் பதில் அடிக்கும் ஆளே பறப்பான். இதற்கு மேல் சொன்னால் சுவை கெட்டுவிடும். சிரிப்பதற்கு இதைப் போல் ஒன்று இல்லை, ஆனால் புதிர் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான். உட்கார்ந்து யோசிக்க வைக்கும் லெவல்கள் குறைவு.

‘கர்ஸ்ட் டு கோல்ஃப்’ (2022) கியோத்தோவின் சூஹாய் லேப்ஸ் செய்தது. பக்கவாட்டுப் பார்வை, சுரங்கம் மாதிரி நீண்டு வளைந்த ஆடுகளங்கள். கையில் ஐந்து அடிகளோடு தொடங்குவீர்கள், அதாவது ஐந்து முறைதான் பந்தை அடிக்கலாம். வழியில் வெள்ளிச் சிலையை உடைத்தால் இரண்டு அடி, தங்கச் சிலை என்றால் நான்கு அடி கூடும். எந்த வழியில் போனால் எந்தச் சிலை கிடைக்கும் என்று திட்டமிடுவது நல்ல புதிர்தான். ஆனால் அடிகள் தீர்ந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அப்புறம் இதில் கொஞ்சம் கை நிதானமும் வேண்டும். பொறுமைசாலிகளுக்கு மட்டும் சொல்வேன்.

கோல்ஃப் பீக்ஸ் பிடித்துப்போனால் அதே குழுவின் ‘ரெயில்பவுண்ட்’ (2022) இருக்கிறது. தண்டவாளத்தை வளைத்து ரயில் பெட்டிகளை வரிசையாக இஞ்சினோடு சேர்க்க வேண்டும். கோல்ஃப் இல்லை, ஆனால் புதிர் இன்னும் கெட்டியானது.

கோல்ஃப் என்று தேடினால் ‘கோல்ஃப் வித் யுவர் ஃப்ரெண்ட்ஸ்’ கண்ணில் படாமல் போகாது. பன்னிரண்டு பேர் வரை ஆன்லைனில் சேர்ந்து கத்திக்கொண்டு ஆடுவதற்கு அது அருமை. தனியாக ஆடப்போகிறீர்கள் என்றால் காசை மிச்சம் பிடியுங்கள்.