டெட்ராய்ட் லயன்ஸ்: ஒரு ரசிகரின் ஆரூடம் – கடிதமும் பதிலும் (2025 சீசன் தொடங்கும் முன் எழுதியவை)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மிச்சிகனில் வசிக்கிறேன். அலுவலக நண்பர்களோடு உட்கார்ந்து அமெரிக்கக் கால்பந்து பார்க்கத் தொடங்கியவன், இப்போது டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் தீவிர ரசிகனாகிவிட்டேன். செப்டம்பரில் தொடங்கவிருக்கும் 2025 சீசனைப் பற்றிய என் கணிப்புகளை எழுதி அனுப்புகிறேன். பிப்ரவரியில் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலாவது, லயன்ஸ் 17 ஆட்டங்களில் 14 வெல்லும். என்.எஃப்.எல். லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையும் வெல்லும். சென்ற சீசனில் 15 ஆட்டங்களை வென்ற அணி அது. காயங்கள் மட்டும்தான் அதை வீழ்த்தின. இரண்டாவது, தாக்குதல் ஆட்டத்தின் பயிற்சியாளர் பென் ஜான்சனும் தடுப்பாட்டத்தின் பயிற்சியாளர் ஆரன் கிளென்னும் அணியை விட்டுப் போனது ஒரு பொருட்டே அல்ல. அணியின் உயிர் தலைமைப் பயிற்சியாளர் டான் கேம்பெல், அவர் இருக்கிறார். மூன்றாவது, கன்சாஸ் சிட்டி சீஃப்ஸின் கதை முடிந்தது. சென்ற சூப்பர் பவுலில் பிலடெல்பியா ஈகிள்ஸிடம் அவர்கள் 40–22 என்று தோற்றதைத்தான் எல்லோரும் பார்த்தோமே. 1957-க்குப் பிறகு கால்பந்துக் கோப்பையையே காணாத ஒரு நகரத்துக்கு இந்த ஆண்டு நியாயமாக வரவேண்டிய முறை இது.

நண்பர்கள் இதைக் கணிப்பல்ல, பக்தி என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? சொந்தக் கேள்வி ஒன்றும் உண்டு. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா நவம்பர் இறுதிவரை எங்களோடு இருப்பார். டெட்ராய்ட்டில் ஒரே ஓர் ஆட்டத்துக்கு அவரை அழைத்துப்போவதென்றால் எதற்கு டிக்கெட் எடுக்கலாம்?

அன்புடன்,
ஆர்., மிச்சிகன்

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் கணிப்புகளின் முடிவுகளோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. அவற்றுக்கு நீங்கள் சொல்லும் காரணங்களோடுதான் சண்டை. சென்ற ஆண்டு நடந்தவற்றில் எவை மீண்டும் நடக்கக்கூடியவை, எவை அந்த ஆண்டோடு போனவை என்று பிரித்துப் பார்க்காமல், வெற்றிக் கணக்கை அப்படியே எடுத்து அடுத்த ஆண்டின் மேல் வைத்துவிடுகிறீர்கள். 17 ஆட்டங்களே கொண்ட ஒரு சீசனில் தற்செயலுக்கு இருக்கும் இடம் மிகப் பெரியது என்பதால், அந்தப் பிரிப்பைச் செய்யாத எந்தக் கணிப்பும், அது பலித்தாலுமேகூட, கணிப்பாகாது.

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் இது தெளிவாகத் தெரிகிறது. சீஃப்ஸ் சென்ற சீசனில் வென்ற 15 ஆட்டங்களில் 11 ஆட்டங்கள் 8 புள்ளிகள் அல்லது அதற்கும் குறைவான வித்தியாசத்தில் முடிந்தவை. ஒரு டச்டவுனும் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய் எடுக்கும் 6 புள்ளிகள்) அதை அடுத்த இரண்டு புள்ளி முயற்சியும் சேர்ந்தால் 8 என்பதால், அத்தகைய ஆட்டம் ஒரே ஒரு பந்து கைமாறியிருந்தால் திரும்பியிருக்கக்கூடியது. அப்படிப்பட்ட ஆட்டம் ஒன்றில்கூட அவர்கள் வழக்கமான சீசனில் தோற்கவில்லை. பால்டிமோருக்கு எதிரான முதல் ஆட்டத்தின் கடைசிப் பந்தில், எதிரணி வீரரின் கால்விரல் எல்லைக் கோட்டைத் தொட்டதால் டச்டவுன் மறுக்கப்பட்டு 27–20 என்று வென்றார்கள். டென்வருக்கு எதிராக, நேரம் முடியும் தறுவாயில் எதிரணி 35 யார்டிலிருந்து உதைத்த ஃபீல்டு கோலை (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளிகள்) கையால் தடுத்து 16–14 என்று வென்றார்கள். ரெய்டர்ஸ் அணி வெற்றிக்கான உதைக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது பந்தைத் தவறவிட்டதால் 19–17 என்று வென்றார்கள். இவற்றில் திறமையே இல்லை என்று சொல்லமாட்டேன். அவர்களுடைய குவார்ட்டர்பேக்கான, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவரான, பேட்ரிக் மஹோம்ஸ் கையில் பந்து இருக்கும் கடைசி இரண்டு நிமிடங்களை எந்த அணியும் விரும்புவதில்லை. ஆனாலும் இது ஆண்டுதோறும் வரும் வரும்படி அல்ல. 2022-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் நெருக்கமான ஆட்டங்கள் பதினொன்றையும் வென்று 13–4 (13 வெற்றி, 4 தோல்வி) என்று முடித்தது. அந்த சீசன் முழுவதும் அவர்கள் எடுத்த புள்ளிகளைவிடக் கொடுத்த புள்ளிகள் மூன்று அதிகம். வழக்கமான சீசனுக்குப் பிறகு நடக்கும், தோற்றால் வெளியேற வேண்டிய பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே சொந்த மைதானத்தில் நியூயார்க் ஜயண்ட்ஸிடம் தோற்று, அடுத்த ஆண்டு 7–10 என்று சரிந்தார்கள். ஆகவே சீஃப்ஸ் இந்த ஆண்டு கீழே வரும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அதற்குச் சாட்சி சூப்பர் பவுல் தோல்வி அல்ல, அதற்கு முந்தைய பதினோரு வெற்றிகள்தான்.

இதே அளவுகோலை லயன்ஸின் மேல் வைத்தால் உங்களுக்கு மகிழ்ச்சியான செய்தியே கிடைக்கிறது. அவர்கள் சென்ற சீசனில் எடுத்தவை 564 புள்ளிகள், கொடுத்தவை 342. லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்த அணி அது. இவ்வளவு இடைவெளி அதிர்ஷ்டத்தால் வருவதில்லை. டல்லஸை 47–9 என்று நசுக்கியதும், இரு அணிகளும் 14–2 என்று நின்ற கடைசி வாரத்தில் மினசோட்டாவை 31–9 என்று முடித்ததும் நிஜமான பலம். அந்தக் கடைசி ஆட்டத்தில் ஜமீர் கிப்ஸ் ஒருவரே நான்கு டச்டவுன் எடுத்தார்.

ஆனால் நிஜமான பலமும் 15 வெற்றிகளும் வேறு வேறு. அவ்வளவு வெல்லும் அணி மிகச் சிறந்ததாக இருப்பதோடு, அந்த ஆண்டு பெரும்பாலானவை அதன் பக்கமே சாய்ந்தும் இருக்கும். 15–1 என்று முடித்த அணிகள் சிலவற்றின் அடுத்த ஆண்டைப் பாருங்கள். 1984 சான்ஃபிரான்சிஸ்கோ அடுத்த ஆண்டு 10–6; 1998 மினசோட்டா 10–6; 2011 கிரீன் பே 11–5; 2015 கரோலினா 6–10. 2007-இல் 16–0 என்று முடித்த நியூ இங்கிலாந்து, அடுத்த ஆண்டின் முதல் ஆட்டத்திலேயே டாம் பிரேடியைக் காயத்துக்குப் பறிகொடுத்து 11–5 என்று முடித்தும் பிளேஆஃபுக்குள் நுழையவில்லை. உங்களுக்கு ஆறுதலாக ஒன்றும் இந்தப் பட்டியலில் உண்டு. 2004-இல் 15–1 என்றிருந்த பிட்ஸ்பர்க் அடுத்த ஆண்டு 11–5 என்று இறங்கி, லீக்கின் தங்கள் பாதியில் ஆறாவது அணியாக பிளேஆஃபுக்குள் நுழைந்து, அந்த ஆண்டுதான் சூப்பர் பவுலை வென்றது. எனவே 14 வெற்றி என்பதையும் கோப்பை என்பதையும் நீங்கள் ஒரே மூச்சில் சொல்லியிருக்கக்கூடாது. அவை இரண்டு தனித்தனிக் கணிப்புகள்.

சீசன் அட்டவணையும் உங்களுக்குச் சாதகமாக இல்லை. நான்கு அணிகள் கொண்ட தன் பிரிவில் முதலிடம் பிடித்த அணி அடுத்த ஆண்டு வேறு பிரிவுகளில் முதலிடம் பிடித்த மூன்று அணிகளைச் சந்தித்தாக வேண்டும் என்பது லீக்கின் விதி. அதனால் சீஃப்ஸ், ராம்ஸ், பக்கனியர்ஸ் மூவரும் வந்துவிட்டார்கள். மிகச் சிறந்த அணியைக் கீழே இழுப்பதற்கென்றே, கடைசி அணிக்கு முதலில் வீரரைத் தேர்வு செய்யும் உரிமை, இந்த ஆண்டு 27.92 கோடி டாலர் என்று வைக்கப்பட்டிருக்கும் சம்பள உச்சவரம்பு என்று அந்த லீக்கில் ஏற்பாடுகள் பல உண்டு. போதாக்குறைக்கு, இந்த ஆண்டு லயன்ஸுக்கு சொந்த மைதானத்தில் எட்டு ஆட்டங்கள்தான், வெளியே ஒன்பது. அந்த ஒன்பதில் கிரீன் பே, பால்டிமோர், சின்சினாட்டி, கன்சாஸ் சிட்டி, வாஷிங்டன், பிலடெல்பியா, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் ஆகியவை அடக்கம். இதில் 14 வெல்வதற்கு, நல்ல அணியாக இருப்பது மட்டும் போதாது.

காயங்கள் மட்டும்தான் வீழ்த்தின என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அக்டோபரில் டல்லஸ் ஆட்டத்தில் தடுப்பு ஆட்டக்காரர் ஏய்டன் ஹட்சின்சனின் கால் எலும்பு முறிந்தது. ஜனவரிக்குள் தடுப்பு ஆட்டக்காரர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் காயப் பட்டியலில் இருந்தார்கள். பிளேஆஃபில் வாஷிங்டன் அவர்கள் மேல் 45 புள்ளிகள் எடுத்து வெளியேற்றியதற்கு அது பெரும் காரணம்தான். ஆனால் அதே ஆட்டத்தில் லயன்ஸின் தாக்குதல் பிரிவு ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்தது. அவற்றில் நான்கு குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபின் கணக்கில் வருபவை. உடல் நலத்தோடு களத்தில் நின்றவர்கள் செய்த பிழைகள் அவை. அதற்கு முந்தைய ஆண்டு சான்ஃபிரான்சிஸ்கோவில் இடைவேளையின்போது 24–7 என்று முன்னணியில் இருந்துவிட்டு 34–31 என்று தோற்றதையும் நீங்கள் நினைவுகூர வேண்டும். பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசியில், கேம்பெல் உதைக்காமல் இரண்டு முறை துணிந்து ஆடிப் பலிக்காமல் போனதும், தடுப்பு ஆட்டக்காரரின் தலைக்கவசத்தில் பட்டுத் தெறித்த பந்து எதிரணியின் பிராண்டன் ஐயுக் கையில் போய் விழுந்து 51 யார்டு ஆனதும் அந்த ஆட்டத்தில்தான். முதலாவது பயிற்சியாளரின் குணம், மறுபடியும் வரும். இரண்டாவது வெறும் பந்தின் போக்கு, மறுபடி வராது.

இனி இரண்டாவது கணிப்பு. பயிற்சியாளர்கள் போனது ஒரு பொருட்டல்ல என்பதில் பாதி சரி. கிளென் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனபின் தடுப்புப் பொறுப்பை ஏற்றிருக்கும் கெல்வின் ஷெப்பர்ட் அதே அணியில் தடுப்பின் நடுவரிசையில் நிற்கும் லைன்பேக்கர்களைப் பயிற்றுவித்தவர்; ஹட்சின்சனும் திரும்புகிறார். அங்கே சரிவு வரும் என்று நான் நினைக்கவில்லை. ஜான்சன் விஷயம் வேறு. ஒரே தோற்றத்தில் தொடங்கி வெவ்வேறாக முடியும் ஆட்டங்களை அடுக்கி, எதிரணியை ஒரு கணம் தவறான பக்கம் பார்க்கவைத்து, அந்த ஒரு கணத்தைக் காஃபுக்குக் கொடுத்ததுதான் அவருடைய திறமை. அவர் இடத்துக்கு ஜான் மார்ட்டன் வந்திருக்கிறார்.

எனினும் ரசிகர்கள் எல்லோரும் பயிற்சியாளரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, என் கவலை களத்தின் நடுவில் நிற்கும் மூன்று பருத்த மனிதர்களைப் பற்றியது. பந்தைப் பின்னால் தள்ளிக்கொடுக்கும் சென்டரும் அவருக்கு இருபுறமும் நிற்கும் கார்டுகளும்தான் குவார்ட்டர்பேக்கின் முகத்துக்கு நேரே வரும் ஆட்களைத் தடுக்கிறார்கள். அந்த மூவரில் ஃபிராங்க் ராக்னோ ஜூனில், 29 வயதிலேயே, ஓய்வை அறிவித்துவிட்டார்; கெவின் சைட்லர் டென்னசிக்குப் போய்விட்டார்; மூன்றாமவரான கிரஹாம் கிளாஸ்கோ தன் இடத்தை விட்டு சென்டருக்கு நகர்கிறார்; புதிதாக வந்திருக்கும் டேட் ராட்லெட்ஜ் இவ்வாண்டு கல்லூரியிலிருந்து வந்தவர். வெளிப்புறத்திலிருந்து வரும் எதிராளியைக் குவார்ட்டர்பேக் ஓரடி முன்னே நகர்ந்து தவிர்த்துவிடலாம். நடுவிலிருந்து வருபவனுக்கு முன் நகர இடமே இல்லை. ஓடித் தப்பிக்கத்தான் வேண்டும். காஃப் ஓடித் தப்பிக்கும் ஆட்டக்காரர் அல்லர். சென்ற ஆண்டு அவர் எறிந்த 4,629 யார்டுகளும் 37 டச்டவுன்களும் அந்த மூவரின் முதுகுக்குப் பின்னால் அமைதியாக நின்று எறிந்தவை. பெனே சூவல் போன்ற ஒருவர் ஓரத்தில் நிற்கும்வரை ஓட்ட ஆட்டம் நடந்துவிடும். எறியும் ஆட்டம் முதல் இரண்டு மாதங்கள் திணறும் என்றே நினைக்கிறேன்.

அதனால் என் கணக்கு 11 வெற்றிகள். கிரீன் பேயோடு பிரிவின் முதலிடத்துக்கான இழுபறி கடைசி வாரம்வரை நீடிக்கலாம். கோப்பையைப் பொறுத்தவரை லயன்ஸ் இருக்கும் என்.எஃப்.சி. (லீக்கின் ஒரு பாதி) அணிகளில் ஈகிள்ஸையே இன்னமும் முதலில் வைப்பேன். எதிரணி எதுவானாலும் ஓர் ஆட்டத்தில் வெல்ல நூற்றுக்கு 65 வாய்ப்புள்ள பலமான அணி என்று லயன்ஸை எடுத்துக்கொண்டாலும், என்.எஃப்.சி.யிலேயே முதலிடம் பிடித்து முதல் சுற்றை ஆடாமலே தாண்டிய பிறகு தொடர்ந்து மூன்று ஆட்டங்களை வெல்ல அதற்கு நூற்றுக்கு 27 வாய்ப்புதான். முதலிடம் தவறினால் நான்கு ஆட்டங்கள். வாய்ப்பு 18 ஆகிவிடும். லீக்கின் 32 அணிகளில் இது மிக உயர்ந்த வாய்ப்பு என்பதையும், முதலிடம் தவறினால் ஆறில் ஏறக்குறைய ஐந்து முறை இது நடக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. மிச்சிகனில் 2021 முதல் கைபேசியிலேயே பந்தயம் கட்டலாம். நீங்கள் கட்டியிருக்கிறீர்களா என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

நியாயமாக வரவேண்டிய முறை என்றும் எழுதியிருக்கிறீர்கள். 1957-இல் கிளீவ்லாண்டை 59–14 என்று வீழ்த்தி வென்ற கோப்பைக்குப் பிறகு, 2024 ஜனவரியில் ராம்ஸை 24–23 என்று வெல்லும்வரை, அந்த நகரம் பிளேஆஃபில் கண்டது ஒரே ஒரு வெற்றி. பேரி சாண்டர்ஸ் போன்ற ஒரு மேதையை வைத்துக்கொண்டும் அதுதான் நிலை. 2008-இல் ஆடிய 16-லும் தோற்றார்கள். இன்றுவரை சூப்பர் பவுலில் கால்வைக்காத நான்கு அணிகளில் அதுவும் ஒன்று. இந்தத் துயரம் உண்மையானது, அதைச் சுமந்தவர்களின் விசுவாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இதைச் செலுத்தி ஒரு யார்டுகூட வாங்க முடியாது. உங்கள் நண்பர்கள் பக்தி என்று சொன்னது இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் பொருந்தும். மற்றவை கணிப்புகள்தான், காரணங்களை மாற்றிக்கொள்ள வேண்டிய கணிப்புகள்.

அப்பாவுக்கான டிக்கெட்டைப் பொறுத்தவரை, எல்லோரும் நவம்பர் 27 அன்று நடக்கும் நன்றி நவிலல் நாள் ஆட்டத்தைச் சொல்வார்கள். போர்க்காலத்தை ஒட்டிய சில ஆண்டுகள் நீங்கலாக 1934 முதல் நடந்துவரும் மரபு அது, எதிரணியும் கிரீன் பே. விலையும் அதற்கேற்ப இருக்கும். நான் செப்டம்பர் 14-ஐச் சொல்வேன். சிகாகோ பேர்ஸின் தலைமைப் பயிற்சியாளராகப் பென் ஜான்சன் முதல்முறையாக லயன்ஸின் அரங்கமான ஃபோர்டு ஃபீல்டுக்குத் திரும்பி வரும் நாள் அது. விதிகள் எதுவும் தெரியாதவருக்கும், நேற்றுவரை நம் ஆளாக இருந்தவர் இன்று எதிர்ப்பக்கம் நிற்கிறார் என்று காதில் சொல்லிவிட்டால் போதும், அரங்கத்தின் கூச்சல் மீதியைச் சொல்லிவிடும். உங்கள் இரண்டாவது கணிப்புக்கும் அன்றே முதல் சோதனை. கைப்பையைப் பற்றி மட்டும் முன்னெச்சரிக்கை தேவை. கையளவுச் சிறு பைகள் நீங்கலாக, உள்ளே இருப்பது தெரியும்படியான கண்ணாடித்தாள் பைகளைத்தான் லீக் அனுமதிக்கிறது. அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.