மலையே இல்லாத ஊரில் இருந்துகொண்டு ரோடு பைக்கில் மலையேறப் பழகுவது எப்படி?

ரோடு பைக், அதாவது சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள், வாங்கி இரண்டு மாதம் என்கிறீர்கள், தஞ்சாவூர்ப் பக்கம் என்கிறீர்கள். சுற்றிலும் வயல்தான், இங்கே இருந்து கொல்லிமலை ஏற முடியுமா, வண்டியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது கேள்வி. முடியும். நான் மன்னார்குடிக்காரன். எங்களுக்கு ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலமும் ஆற்றுப் பாலமும்தான்.

மாசியில் முதல்முறை கொல்லிமலைக்குப் போனேன். 70 கொண்டை ஊசி வளைவில் 19ஆவதிலேயே இறங்கிவிட்டேன். சமதளத்தில் வேகமாகப் போகிற பழக்கத்தில் முதல் ஐந்தாறு வளைவை விரட்டி ஏறியதுதான் தப்பு. அங்கே நின்ற ஒருவர், "டெல்டாக்காரங்களுக்கு மலை சரிப்படாதுங்க" என்றார். வீடு வந்து சேரும்வரை அந்தச் சொல் காதில் நின்றது.

நமக்கு மலை இல்லை, காற்று இருக்கிறது. ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் சாலையில் மேற்கே மிதித்துப் பாருங்கள். மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும், மலையிலும் அப்படித்தான். பத்து நிமிடம் அழுத்தி, நாலு நிமிடம் மெதுவாக. இப்படி மூன்று முறை, வாரத்துக்கு இரண்டு நாள். ஒரு மூச்சில் இரண்டு மூன்று வார்த்தைதான் பேச முடிய வேண்டும், அதற்கு மேல் மூச்சு வாங்கினால் குறைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நிதானமாக ஒரு நீண்ட ஓட்டம். காற்று வேறு, மலை வேறு, மலையில் உடம்பு எடையையும் சேர்த்துத் தூக்க வேண்டும் என்று யாராவது சொல்ல வருவார்கள். எனக்கும் தெரியும். ஆனால் நின்று நிதானமாக மிதிக்கக் கால் பழகியது இந்தக் காற்றில்தான்.

இன்னொன்று, கியர். பின்னால் பெரிய பல்சக்கரம் 28 பல்லாக இருந்ததை 32 ஆக்கினேன், பல் கூடினால் ஏற்றத்தில் மிதிப்பது லேசாகும். உங்கள் வண்டி ஏற்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். புரட்டாசியில் மறுபடி போனேன். முதல் இருபது வளைவை வேண்டுமென்றே மெதுவாக ஏறினேன். மலைமேல் இருக்கும் செம்மேட்டில் போய்த்தான் கால் ஊன்றினேன்.

பராமரிப்பில் முதல் எதிரி வைக்கோல். ஒரு அறுவடைக் காலத்தில் சாலையில் கிடந்த வைக்கோல் பின்சக்கரப் பல்லில் சுற்றிச் செயின் இறுகிவிட்டது. வெயிலில் உட்கார்ந்து ஊக்கால் ஒவ்வொரு இழையாக உருவினேன். அதற்காகச் சாலையில் நெல் காய வைப்பவர்களைத் திட்டாதீர்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பிவிடுகிறார்கள். களம் போதாத ஊரில் விவசாயி வேறு எங்கே கொட்டுவான்? என் அப்பா இரண்டு ராத்திரி தார்ப்பாயோடு ரோட்டோரம் படுத்திருக்கிறார். மழை வந்தால் போச்சு. நகரத்திலிருந்து காரில் வருகிறவர்கள் அதைப் படம் எடுத்துப் போட்டு ஏசும்போது எனக்கு வயிறு எரிகிறது.

சரி, செயினுக்கு வருகிறேன். ஓட்டி வந்ததும் பழைய வேட்டித் துணியால் துடையுங்கள். கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய், பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, சிறிது நேரம் கழித்து மேலே இருப்பதைத் துடைத்துவிடுங்கள். மிச்ச எண்ணெயில் புழுதி ஒட்டினால் உப்புத்தாள் மாதிரி பல்லைத் தின்னும். அடி ஸ்கேல் வைத்து 24 கண்ணிகளை, கண்ணிகளை இணைக்கும் ஊசிக்கு ஊசி அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பல்சக்கரமும் சேர்ந்து போகும்.

பஞ்சர் ஆனால் டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள். டயரின் உள்பக்கம் துணியை ஓட்டிப் பாருங்கள். கருவை முள்ளின் நுனி அங்கேயே ஒடிந்து நிற்கும்.

மலைக்குப் போகும் முதல் நாள் பிரேக் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். நான் போனபோது அதில் ஒரு சின்னக் கல் புதைந்திருந்தது. அதைக் குத்தி எடுத்த பிறகுதான் இறங்கும் பயம் போனது.