சீனாவில் பெண்கள் எப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கினார்கள்?

வசதியான வீட்டுப் பெண்கள் சிலர் வீட்டிலேயே படித்தது பழைய கதை. 'திறமையில்லாமை பெண்ணுக்கு நற்குணம்' என்று பழமொழியே வைத்திருந்த ஊர் அது! பள்ளிக்கூடம் என்று பார்த்தால் 1844-இல் நிங்போ நகரில் மேரி ஆன் ஆல்டர்சி என்ற ஆங்கிலேயப் பெண்மணி தொடங்கியதிலிருந்து சொல்லலாம். வெள்ளைக்காரி பிள்ளைகளை என்ன செய்வாளோ என்று ஊரெல்லாம் வதந்தி. சாப்பாடும் துணியும் இலவசம் என்பதால் ஏழைகள்தான் முதலில் மகள்களை அனுப்பினார்கள்.

சீனர்களே நடத்திய பெண்கள் பள்ளி 1898-இல் ஷாங்காயில் வந்தது; இரண்டே ஆண்டில் மூடிவிட்டார்கள். அப்புறம் 1907-இல்தான் அப்போது சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசு பெண்கள் பள்ளிகளுக்கு விதிமுறை வகுத்தது. பெண்களின் பாதங்களைச் சிறு வயதிலேயே இறுகக் கட்டிக் குறுக்கும் பழைய வழக்கம் மாணவிகளுக்குக் கூடாது என்பதும் அதில் உண்டு. எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிய விஷயம். 1920-இல் பீக்கிங் பல்கலைக்கழகமும் பெண்களுக்குக் கதவைத் திறந்தது.