சாமுராய், நைட், மம்லூக், மங்கோலியன் மோதினால் யார் வெல்வார்?

கேட்கப்பட்ட கேள்வி: "வரலாற்றில் சாமுராய், ஐரோப்பாவின் நைட், எகிப்தின் மம்லூக், மங்கோலியக் குதிரை வீரன் – இந்த நால்வரில் யார் சிறந்தவர்? நேருக்கு நேர் மோதினால் யார் ஜெயிப்பார்?"

ராத்திரி பதினொன்றரைக்கு யூடியூபில் ஏதோ பார்த்துவிட்டு, நண்பரோடு வாட்ஸாப்பில் சண்டை போட்டுவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பென்றால் மன்னிக்கவும். எட்டாவது படிக்கும் என் பையனும் அதே மாதிரி வீடியோதான் பார்க்கிறான். சாமுராய்க்கு வேகம் 95, நைட்டுக்குக் கவசம் 98 என்று மதிப்பெண் போட்டு, கடைசியில் கம்ப்யூட்டர் யாரையாவது ஜெயிக்க வைக்கும். இங்கே ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் பாதி, கட்டானா வாள் துப்பாக்கிக் குழாயையே வெட்டிவிடும் என்கிற ரகம். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வரலாறு படித்தவன் இல்லை, டிப்ளமோ மெக்கானிக்கல். ஆனால் இந்த விஷயத்தில் மணிக்கட்டில் அடி வாங்கியவன்.

2013இல் கம்பெனி என்னைப் பயிற்சிக்காக ஜப்பானில் ஃபுகுவோகா பக்கம் பதினொரு மாதம் அனுப்பியது. விடுதிக்கு எதிரே ஒரு விளையாட்டுக் கூடம், செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் அங்கே கெண்டோ நடக்கும். மூங்கில் வாளை வைத்துக்கொண்டு, கவசம் மாட்டிக்கொண்டு, கத்திக்கொண்டே ஒருவரை ஒருவர் அடிக்கும் விளையாட்டு. எனக்கு உள்ளூர ஒரு திமிர் இருந்தது. எங்கள் தாத்தா கிருஷ்ணகிரி பக்கத்தில் கம்பு சுற்றியவர். நானும் பத்து வயதிலிருந்து ஆறேழு வருஷம் சுற்றியிருக்கிறேன். இந்த மூங்கில் குச்சி என்ன பெரிதா என்று போய்ச் சேர்ந்தேன்.

முதல் இரண்டு மாதம் வெறும் காலோடு தரையைத் தேய்த்து நடக்க மட்டும்தான் விட்டார்கள். இடது கால் பாதத்தில் கொப்புளம் வந்து, உடைந்து, மறுபடி வந்தது. மூன்றாம் மாதம் இரவல் கவசம் மாட்டிவிட்டு, அங்கே சொல்லிக்கொடுத்த பெரியவர் எதிரில் வந்து நின்றார். வயது 68, தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் தோள் உயரம்தான் இருப்பார். இரண்டு நிமிஷத்தில் ஏழு அடி. ஐந்து மணிக்கட்டில், இரண்டு தலையில். நான் ஒரு அடிகூட வைக்கவில்லை. கம்பைச் சுழற்ற இடம் வேண்டும். அவர் அந்த இடத்தையே தரவில்லை. நான் கையைத் தூக்க நினைக்கும்போதே அவர் குச்சி வந்து நிற்கும். உள்ளே வியர்வை கண்ணில் இறங்குகிறது, முகக் கம்பிக்குள்ளிருந்து பக்கவாட்டில் ஒன்றும் தெரியவில்லை, மூச்சு வாங்குகிறது.

(சிலம்பத்தைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் வர வேண்டாம். குறை சிலம்பத்தில் இல்லை, என்னிடம்.)

அப்புறம் அவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானியத்தில், "உலகத்திலேயே சாமுராய் வாள்தான் பெரியது, இல்லையா?" என்று கேட்டேன், கொஞ்சம் ஐஸ் வைக்கிற மாதிரி. சிரித்தார். சாமுராயின் முதல் ஆயுதம் வில், வாள் இல்லை என்றார். பழைய காலத்தில் அவர்கள் தங்கள் தொழிலுக்கு வைத்திருந்த பெயரே 'வில்லும் குதிரையும் போகும் வழி' என்பதுதான். குதிரை மேலிருந்து அம்பு விடுகிறவன் சாமுராய். அம்பு தீர்ந்தால், குதிரை விழுந்தால், அப்புறம்தான் வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தன் காரில் இக்கி-நோ-மட்சுபாரா என்ற கடற்கரைக்குக் கூட்டிப்போனார். பெட்ரோல் காசில் பாதியைக் கணக்காக வாங்கிக்கொண்டார், அதையும் சொல்லவேண்டும். பைன் மரங்களுக்கு நடுவே ஒரு கல் சுவர். நம் ஊர் ஏரிக்கரையில் கல் அடுக்கியிருப்பார்களே, பார்க்க அப்படித்தான், பிரமாதமாக ஒன்றும் இல்லை. மங்கோலியர்கள் 1274இல் வந்து இறங்கிவிட்டுப் போன பிறகு, மறுபடி வருவார்கள் என்று 1276இல் ஹகாடா வளைகுடா நெடுக சுமார் 20 கிலோமீட்டருக்குக் கட்டிய சுவர். ஒவ்வொரு நாட்டுக்காரரும் (அங்கே அந்தக் காலத்தில் மாகாணத்தைத்தான் நாடு என்பார்கள்) இத்தனை தூரம் கட்டவேண்டும் என்று பங்கு பிரித்திருந்தார்கள். அந்த இடம் ஹிகோ நாட்டின் பங்கு, அதாவது இன்றைய குமமோட்டோ. பெரியவருக்குச் சொந்த ஊர் குமமோட்டோ. அரை மணி நேரம் அந்தச் சுவரைத் தானே கட்டியது போலப் பேசினார். எல்லாரும் புயல் வந்து காப்பாற்றியது, தெய்வக் காற்று என்கிறார்களே, அப்படியானால் இந்தக் கல்லை எதற்கு அடுக்கினார்களாம் என்பது அவர் கோபம். நியாயமான கோபம். 1281இல் மங்கோலியப் படகுகள் ஹகாடாவில் கரையேற முடியாமல் வாரக்கணக்கில் தள்ளிப்போனதால்தான் புயல் வரும்போது அவர்கள் கடலில் இருந்தார்கள்.

உங்கள் கேள்விக்கு எனக்கு வழி கிடைத்தது அந்தச் சுவரில்தான். நான்கு பேரையும் ஒரே மைதானத்தில் நிற்க வைக்க முடியாது. ஆனால் மற்ற மூவரும் நாற்பது வருஷத்துக்குள் ஒரே எதிரியை, அதாவது மங்கோலியனை, சந்தித்திருக்கிறார்கள். வரலாறு தானாக நடத்திப் பார்த்த பரீட்சை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1241 ஏப்ரல். 9ஆம் தேதி போலந்தில் லெக்னிகா, 11ஆம் தேதி ஹங்கேரியில் மோஹி. ஐரோப்பியக் குதிரை வீரர்கள் இரண்டிலும் தோற்றார்கள். லெக்னிகாவில் சிலேசியாவின் கோமகன் இரண்டாம் ஹென்ரி செத்தார். மோஹியில் வண்டிகளை வைத்து வளைத்துக் கட்டிய பாளையத்துக்குள் மொத்தப் படையும் மாட்டிக்கொண்டது. மங்கோலியர் ஒரு பக்கம் வேண்டுமென்றே வழி விட்டார்கள். அந்த வழியில் ஓடியவர்களைத் துரத்தித் துரத்தி வெட்டினார்கள். அரசன் நான்காம் பேலா தப்பித்தான். 'அப்போ நைட் வேஸ்ட்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பேலா திரும்பி வந்து கல் கோட்டைகள் கட்ட வைத்தான். 1285இல் மங்கோலியர் மறுபடி வந்தபோது அடி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

1260 செப்டம்பர் 3, பாலஸ்தீனத்தில் ஐன் ஜாலூத். இங்கே மம்லூக்குகள் ஜெயித்தார்கள். மங்கோலியத் தளபதி கித்புகா செத்தான். மம்லூக் என்றாலே 'உடைமை', அதாவது விலைக்கு வாங்கப்பட்டவன். கருங்கடலுக்கு வடக்கே புல்வெளியில் பிடித்த கிப்சாக் என்ற துருக்கிய இனப் பையன்களை எகிப்தில் விலைக்கு வாங்கி, வருஷக்கணக்கில் வில், ஈட்டி, குதிரை என்று பழக்கி, விடுதலை கொடுத்துப் படையில் சேர்ப்பார்கள். அன்று முன்னணியில் நின்ற பைபர்ஸ் அப்படி விற்கப்பட்டவன்தான், ஒரு கண்ணில் வெள்ளை விழுந்திருந்ததால் மலிவாகப் போனானாம். பின்னால் அவனே சுல்தான் ஆனான். கேட்கும்போது புல்லரிக்கிறது. ஆனால் அன்று மங்கோலியரின் பெரும்படை அங்கே இல்லை. அவர்கள் தலைவன் ஹூலகு அதைக் கூட்டிக்கொண்டு முன்பே போயிருந்தான். ஒரு மங்கோலியனுக்கு நாலைந்து குதிரை, அத்தனைக்கும் சிரியாவில் மேய்ச்சல் கிடையாது. தீவனம் தீர்ந்துபோனதை ஹூலகு 1262இல் பிரான்ஸ் மன்னனுக்கு எழுதிய கடிதத்திலேயே சொல்கிறான். புல்லுக்கு எத்தனை மதிப்பெண் என்று என் பையன் பார்க்கும் வீடியோவில் போடுவதில்லை.

சரி, ஜப்பானுக்கு வந்த படையில் கொரியர்களும் சீனர்களும் நிறைய, கப்பலில் குதிரை அதிகம் ஏற்ற முடியாது, இது எப்படி அதே எதிரி ஆகும் என்று ஒருவர் கேட்பார். ஒத்துக்கொள்கிறேன். சோழ மன்னர்களின் மெய்க்காப்பாளர்களான வேளைக்காரப் படையை ஏன் சேர்க்கவில்லை என்று இன்னொருவர் கேட்பார். என் கணக்கு மங்கோலியரைச் சந்தித்தவர்களுக்கு மட்டும், அவ்வளவுதான். தமிழன் பெயர் வந்தே தீரவேண்டும் என்றால் ஒன்று இருக்கிறது. 1281 ஏப்ரலில், சீனத்தின் குவான்சோ துறைமுகத்தில், சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் செகசை கானின் உடல் நலம் வேண்டி சிவனை எழுந்தருளச் செய்து தமிழில் கல்வெட்டு வைத்திருக்கிறார். செகசை கான் என்பது மங்கோலியப் பேரரசன் குப்லாய் கான்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதே கான் அதே வருஷம் கோடையில்தான் ஜப்பான் மேல் இரண்டாம் படையை ஏவினான். அந்த இலையுதிர் காலத்தில் சிரியாவின் ஹோம்ஸில் மம்லூக்குகள் இன்னொரு மங்கோலியப் படையைத் தோற்கடித்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே வருஷத்தில் தோல்வி. நம்மவர் வேண்டுதல் உடல் நலத்துக்கு மட்டும்தான் போல.

இனி டக்கெசாகி சுவெனாகா. பெரியவர் சுவரருகே சொன்ன ஆள். ஹிகோ நாட்டுச் சின்ன சாமுராய், பெரிய நிலமெல்லாம் இல்லை. 1274இல் தன்னையும் சேர்த்து ஐந்தே குதிரைகளோடு மங்கோலியர் மேல் பாய்ந்தான். முதல் ஆளாகப் பாய்ந்தவன் என்று பெயர் வாங்கவேண்டும், அதுதான் நோக்கம். குதிரை அடிபட்டது, அவனுக்கும் காயம். பின்னால் இன்னொரு கூட்டம் வந்து சேராவிட்டால் அன்றே கதை முடிந்திருக்கும். பிறகு அவனே வரைய வைத்த ஓவியச் சுருளில் இது அப்படியே இருக்கிறது. ரத்தம் கொட்டும் குதிரை, எதிரே வில்லோடு மங்கோலியர், தலைக்கு மேலே வெடிக்கும் குண்டு.

சண்டை முடிந்தது, பரிசு வரவில்லை. அவன் முதலில் பாய்ந்த விஷயம் மேலே போன அறிக்கையில் இல்லை. சொந்தக்காரர்கள் தடுத்தும் கேட்காமல், குதிரைகளையும் சேணத்தையும் விற்று வழிச்செலவுக்கு வைத்துக்கொண்டு, 1275இல் ஹிகோவிலிருந்து, அரசு இருந்த காமகுராவுக்குப் போனான். நாட்டின் ஒரு கோடியிலிருந்து கிட்டத்தட்ட மறு கோடிக்கு. பரிசுகளைக் கவனிக்கும் அதிகாரி அடாச்சி யசுமோரி முன் நின்றான். எத்தனை தலை எடுத்தாய், உன் ஆட்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்கிறார். தலையும் இல்லை, சாவும் இல்லை. முதலில் பாய்ந்தவன் நான், சாட்சி இருக்கிறது, பொய் என்றால் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான். கடைசியில் நிலத்துக்கு அதிகாரப் பதவியும் ஒரு குதிரையும் வாங்கிக்கொண்டுதான் திரும்பினான்.

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு அது கதை மட்டும்தான். ஊர் திரும்பி எட்டாம் மாதம்தான் உறைத்தது. எங்கள் லைனில் பீஸைப் பிடித்து வைக்கும் ஒரு ஜிக்கின் உயரத்தை மாற்றினால் ஒவ்வொரு பீஸுக்கும் நாலு செகண்ட் மிச்சம் என்று கண்டுபிடித்தேன். மூன்று ஷிப்ட் கூடவே நின்று அளந்து, கையால் படம் வரைந்து சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். அடுத்த மாதக் கூட்டத்தில் அதே படம் திரையில் வந்தது, கீழே அவர் பெயர். ஐந்தாயிரம் ரூபாயும் ஒரு ஸ்டீல் டிபன் கேரியரும் அவருக்கு. நான் கேட்டபோது, "டீமாத்தானேப்பா செஞ்சோம்" என்றார். கூட அளந்த இரண்டு பையன்களும் கான்ட்ராக்ட், வாய் திறக்கவில்லை, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தலைமை ஆபீஸுக்குப் போய்ச் சொல்லு என்று என் மனைவி சொன்னாள். நான் போகவில்லை. விற்றுவிட்டுப் போகக் குதிரையும் இல்லை, பைக் மட்டும்தான், அதற்கு இன்னும் ஆறு தவணை பாக்கி. டிபன் கேரியரை இன்றைக்கும் அவர் கேன்டீனுக்குக் கொண்டுவருகிறார்.

கேள்விக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், பெரிதாக இல்லைதான். ஆனால் சாமுராய் என்றதும் மானம், மரியாதை, வயிற்றைக் கிழித்துக்கொள்வது என்றே எழுதுகிறவர்கள், அவன் அறிக்கையில் பெயர் வராததற்காக நாடு கடந்து போய்ச் சண்டை போட்ட ஆள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1281 வெற்றிக்குப் பிறகு பிரித்துக்கொடுக்க எதிரியின் நிலம் ஒரு ஏக்கர்கூடக் கிடைக்கவில்லை. வீரர்களின் மனக்கசப்பு வளர்ந்துகொண்டே போனது. காமகுரா அரசு 1333இல் விழுந்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

நேரடியான பதில் வேண்டுமென்றால், 13ஆம் நூற்றாண்டு, திறந்த வெளி, குதிரையும் வில்லும், நாள் முழுக்க தீவனம் என்று வைத்தால் நான் மம்லூக் பக்கம் பத்து ரூபாய் கட்டுவேன். தரையில் இருவர் மட்டும் என்றால், முழு இரும்புத் தகடு போட்ட 15ஆம் நூற்றாண்டு நைட்டை வாளால் வெட்டிச் சாய்ப்பது யாருக்கும் சிரமம். அந்தக் கவசம் இருபது, இருபத்தைந்து கிலோதான், உடம்பு முழுக்கப் பரவியிருக்கும், ஓடலாம், தானே குதிரை ஏறலாம். கிரேன் வைத்துத் தூக்குவார்கள் என்பது கட்டுக்கதை. இதில் சாமுராய்களே ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்தபோது அவர்களுடைய மார்புக் கவசத்தை வாங்கி, தங்கள் கவசத்தோடு சேர்த்துப் போட்டுக்கொண்டார்கள், உள்ளூரிலும் அதே மாதிரி அடித்தார்கள். ஆனால் அந்த வீடியோக்களில் 15ஆம் நூற்றாண்டு நைட்டை 13ஆம் நூற்றாண்டு மங்கோலியனோடு மோத விடுகிறார்கள். அது பாட்டனைப் பேரனோடு ஓட விடுகிற கதை.

இதையெல்லாம் பையனிடம் சொல்லி முடித்து, கடைசியாக சுவெனாகாவின் 1281 கதையையும் சொன்னேன். இரண்டாம் முறை மங்கோலியர் வந்தபோது சண்டைக்குப் போக அவனுக்குப் படகு இல்லை. பொய் சொல்லி அடுத்தவன் படகில் ஏறினான். அவசரத்தில் ஹெல்மெட் கையில் இல்லை. முழங்காலுக்குக் கீழே கட்டும் கவசத்தைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு எதிரிக் கப்பலில் குதித்தான். இவனுக்குக் கவசத்தில் எத்தனை மதிப்பெண் போடுவாய் என்று கேட்டேன்.

யோசித்துவிட்டு, "முட்டிக்கு எத்தனை, தலைக்கு எத்தனைன்னு தனித்தனியா சொல்லுப்பா" என்றான்.