பூங்காவில் ஒலிக்கும் மணிக்கோபுரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில் வசிக்கும் என் பெறாமகள், ஆர்லிங்டனில் உள்ள பூங்கா ஒன்றில் எடுத்த காணொளியை அனுப்பியிருந்தாள். உயரமான உருக்குக் கோபுரத்தில் மணிகள் பாட்டாக ஒலிக்க, சனங்கள் புல்லில் இருந்து கேட்கிறார்கள். அருகில் தேவாலயம் எதனையும் காணவில்லை. வாசிப்பது இயந்திரமா, மனிதரா? இதனை ஏன் பூங்காவில் வைத்தார்கள்? (வாசகி, கிளிநொச்சி)

பதில்: உங்கள் பெறாமகள் கண்டது ‘நெதர்லாந்துக் கரிலான்’. குறைந்தது 23 வெண்கல மணிகளைச் சுருதி சேர்த்துத் தொகுத்த வாத்தியத்தையே கரிலான் என்கிறார்கள். ஆர்லிங்டன் கோபுரம் 127 அடி உயரமானது; அதில் இப்போது 53 மணிகள் உள்ளன. குறித்த நேரங்களில் இயந்திரமும் அவற்றை ஒலிக்கச் செய்யும். ஆனால் கோடைகாலக் கச்சேரிகளில் வாசிப்பவர் மனிதரே. அவர் கோபுரத்தின் மேலே இருந்து, வரிசையாக அமைந்த மரப்பிடிகளை மூடிய கைகளாலும், கீழேயுள்ள மிதிகளைக் கால்களாலும் அழுத்துவார். மணிகள் அசைவதில்லை, கம்பிகளால் இழுபடும் நாக்குகளே மணிகளின் உட்புறத்தில் மோதுகின்றன. அழுத்தத்தின் வலுவுக்கேற்ப ஓசை பெரிதாகவும் மெல்லியதாகவும் மாறும் என்பதால், வாசிப்பவரின் மனோபாவத்தைக் கீழே இருப்பவர்களும் உணர முடிகிறது.

இது தேவாலயத்தைச் சேர்ந்ததல்ல. ஒரு நாட்டு மக்கள் இன்னொரு நாட்டு மக்களுக்குச் சொன்ன நன்றி. இரண்டாம் உலகப் போரின்போதும் அதன் பின்னரும் கிடைத்த உதவிக்காக நெதர்லாந்து மக்கள் இம்மணிகளை அளித்தார்கள். 1952 இல் அரசி யூலியானா அடையாளமாகச் சிறு மணியொன்றை ஜனாதிபதி ட்ரூமனிடம் கையளித்தார். கோபுரம் 1960 மே 5 அன்று, நெதர்லாந்து விடுதலை பெற்ற 15 ஆவது ஆண்டு நிறைவில், முறைப்படி அர்ப்பணிக்கப்பட்டது. ஐரோப்பாவெங்கும் ஆயிரக்கணக்கான மணிகளைப் போர்த்தளவாடங்களுக்காக உருக்கிய அதே போருக்குப் பின்னர் ஒரு சமூகம் மீண்டும் மணிகளை வார்த்து, அவற்றுள் மிகச் சிறியவற்றைத் தன் இளைய தலைமுறையின் பெயரால் அளித்தது என்பதை, போரின் நினைவாகச் சிதைந்த கட்டடங்களையே அதிகம் கண்ட வன்னி வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என விரும்புகிறேன்.

கேள்வி: அம்மணிகளில் நமது இராகங்களை வாசிக்க முடியுமா? (சங்கீத ஆசிரியர், முள்ளியவளை)

பதில்: சுரங்களை வாசிக்கலாம், இராகத்தை முழுமையாக வாசிக்க முடியாது. வார்த்துச் சுருதி சேர்த்த மணியின் சுரத்தை அசைக்கவோ, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லவோ வழியில்லை. காந்தார சுரத்தை அசைக்காமல் தோடி இராகம் இல்லை என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள்.

இதனினும் நுட்பமான தடை ஒன்று உண்டு. நன்கு சுருதி சேர்த்த மணியில் நாக்கு மோதியதும், ஆதார சட்சத்தோடு கீழ்ச் சட்சம், மேல் சட்சம், பஞ்சமம் ஆகியவற்றுடன் சாதாரண காந்தாரமும் (காந்தார சுரத்தின் தாழ்ந்த நிலை) சேர்ந்தே எழுகிறது. மணியின் வடிவமே அதனைத் தருகிறது. கண்பார்வையற்ற இசைஞரான யாகோப் வான் எய்க் இந்தத் துணையொலிகளைப் பிரித்தறிந்தார். மணி வார்ப்பவர்களான ஹெமோனி சகோதரர்கள் அவருடைய செவியின் துணையோடு மணியின் உட்புறத்தைக் கடைந்து அவற்றை ஒழுங்குபடுத்தினர். அவ்வாறு சுருதி சேர்ந்த முதல் மணித்தொகுதி 1644 இல் நெதர்லாந்தின் சுட்பன் நகரில் அமைந்தது. ஆகவே அந்தர காந்தாரம் (காந்தாரத்தின் உயர்ந்த நிலை) கொண்ட சங்கராபரண இராகத்தைப் பெரிய மணிகளில் வாசித்தால், ஒவ்வொரு மணிக்குள்ளும் இருக்கும் சாதாரண காந்தாரம் அதனோடு முரண்படும். சாதாரண காந்தாரம் கொண்ட கரகரப்பிரியா இராகத்தின் சுரங்கள் இதற்கு ஓரளவு இசைந்துவரும். மேலைத்தேய மெட்டுகளைத் தழுவிய முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுசுவரங்கள் சங்கராபரண சுரங்களில் அமைந்தவை எனினும், கமகம் (சுர அசைவு) அற்ற அவற்றை ஓசை விரைவில் அடங்கும் சிறு மணிகளில் வாசித்தால் நன்றாகவே இருக்கும் என்பது என் கருத்து. பெரிய மணிகளின் கார்வை நெடுநேரம் நிற்பதால், அவற்றில் துரிதகாலம் குழம்பிவிடும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பூங்காவிலும் இப்படியொரு கோபுரம் அமைக்க வெளிநாட்டிலுள்ள உறவுகளிடம் நிதி கேட்கலாமா? (இளைஞர் கழக உறுப்பினர், மல்லாவி)

பதில்: வேண்டாம் என்றே சொல்வேன். ஆர்லிங்டனின் மிகப் பெரிய மணி மட்டும் ஐந்தரைத் தொன்னுக்கு மேற்பட்ட எடையுடையது. அதைத் தாங்கும் கோபுரமும், பயின்ற கலைஞரும், இடையறாத பராமரிப்பும் தேவை. அங்கிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது வேறொன்று: கோடைச் சனி மாலைகளில், கட்டணமின்றி, எவரும் வந்திருந்து கேட்கும்படி இசை நடக்கிறது. வட்டாப்பளைப் பொங்கலுக்குத் திரளும் சனங்களுக்கும், கோவலன் கூத்தை விடியும்வரை திறந்தவெளியில் பார்த்தவர்களுக்கும் அவ்வாறு கூடியிருப்பது பழக்கமானதே. நம்மிடம் குறைவது திருவிழா அல்லாத நாட்களில் நடக்கும் பொது இசை. நாதஸ்வரமும் தவிலும் திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியங்கள். ஒலிபெருக்கி இல்லாமலே பூங்கா முழுதும் கேட்கும். மாதத்தில் ஒரு மாலையை நிலையாகக் குறித்துப் பிரதேச சபையிடம் இடத்தைக் கேளுங்கள். சேரும் நிதியை வாசிக்கும் கலைஞர்களின் சன்மானத்துக்கும், அவர்களிடம் பயில முன்வரும் பிள்ளைகளின் வாத்தியங்களுக்கும் செலவிடுங்கள்.