எம்.ஓ.ஜி. டெஸ்ட்: விலையைக் கேட்கும் முன் முறையைக் கேளுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. ஜுரம் விட்ட சில நாளில் பகலெல்லாம் தூங்கி வழிந்தாள். நடந்தால் கால் பின்னியது. சாதத்தை அள்ளி வாய்க்குக் கொண்டுபோகக் கை வரவில்லை. எம்.ஆர்.ஐ. பார்த்து 'ஏடெம்' (மூளையிலும் தண்டுவடத்திலும் திடீரென்று வரும் அழற்சி) என்றார்கள். எம்.ஓ.ஜி., அக்வாபோரின்-4 ஆன்டிபாடி டெஸ்ட்டுகளை டாக்டர் எழுதியிருக்கிறார். ஒரு லேபில் எலைசா முறையில் குறைந்த விலைக்குச் செய்கிறார்கள், இன்னொன்றில் விலை பல மடங்கு. எங்கே கொடுப்பது? ரிப்போர்ட் வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?
(ஒரு தந்தை, விருதுநகர் மாவட்டம்)

பதில்: உங்களுக்குப் போனில் அன்றே சொல்லிவிட்டேன். இதே நிலையில் தவிக்கும் மற்றப் பெற்றோருக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கடைசிக் கேள்வி. தள்ளிப்போடவே கூடாது. ஏடெம் என்று டாக்டர் முடிவு செய்தால் ஸ்டீராய்டு டிரிப் அன்றே தொடங்கட்டும். ரிப்போர்ட் வரப் பல நாள் ஆகும், அதுவரை குழந்தையின் மூளையும் தண்டுவடமும் காத்திருக்காது. மருந்து ஏற்றுவதற்கு முன் ரத்தத்தை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் ரொம்ப முக்கியம். இந்த டெஸ்ட்டுகள் தேடுவது நம் உடம்பையே தவறாகத் தாக்கும் ஆன்டிபாடியை, அதாவது எதிர்ப்புப் புரதத்தை. ஸ்டீராய்டு கொடுத்தால் அதன் அளவு குறையலாம். பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை அதை ரத்தத்திலிருந்தே வெளியேற்றிவிடும். ஐ.வி.ஐ.ஜி. என்பது ஆயிரக்கணக்கானவர்கள் தானமாகக் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த ஆன்டிபாடி. அது ஏறிய பிறகு எடுத்த ரத்தத்தின் முடிவை நம்புவது கஷ்டம். லேப் படிவத்தில் 'கொடுத்த மருந்து' என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலும் காலியாகவே போகும். உங்கள் கண் முன்னால் அதை நிரப்பச் சொல்லுங்கள், ரத்தம் எடுத்த தேதியும் நேரமும் சேர்த்து.

இனி முறை. நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையின் வெளிப்பக்கத்தில் இருக்கும் புரதம்தான் எம்.ஓ.ஜி. உடம்பில் அது எந்த வடிவத்தில் மடிந்திருக்கிறதோ, அந்த வடிவத்தில்தான் நோய்க்குக் காரணமான ஆன்டிபாடி அதைப் பிடிக்கும். எலைசா முறையில் அந்தப் புரதத்தைப் பிளாஸ்டிக் தட்டில் ஒட்டும்போது வடிவம் குலைந்துவிடுகிறது. நோய் இல்லாதவருக்குப் பாசிட்டிவ், இருப்பவருக்கு நெகட்டிவ் என்று இரண்டு பக்கமும் தப்பு வருவது இதனால்தான். 'செல் பேஸ்டு அஸே' என்ற முறையில் மனித செல்லின் மேற்பரப்பிலேயே அந்தப் புரதத்தை உருவாக்கி, அதன்மேல் ரத்தச் சீரத்தை ஊற்றிப் பார்க்கிறார்கள். 2023-ல் வெளியான சர்வதேச நோயறிதல் வரையறையும் இந்த முறையைத்தான் கேட்கிறது. அதில் உயிருள்ள செல், பதப்படுத்திய செல் என்று இரண்டு வகை உண்டு. உயிருள்ள செல் வகை இன்னும் துல்லியம். நம் ஊர் லேப்களில் பெரும்பாலும் கிடைப்பது பதப்படுத்தியது. அதுவும் ஏற்கத்தக்கதே. எம்.ஓ.ஜி.யைப் பொறுத்தவரை எலைசாவுக்குக் கொடுக்கும் ரூபாய் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வீண் என்பது என் உறுதியான கருத்து.

அக்வாபோரின்-4 டெஸ்ட் எதற்கு என்றும் போனில் கேட்டிருந்தீர்கள். நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா (என்.எம்.ஓ.) என்ற, பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோயைக் கண்டுபிடிக்கத்தான். ஏடெம் வரும் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேர் வரை எம்.ஓ.ஜி. பாசிட்டிவாக இருக்கிறார்கள். அக்வாபோரின் ஆன்டிபாடி சின்னக் குழந்தைகளுக்கு அபூர்வம். ஆனால் இருந்தால் பாதையே மாறிவிடும்: திரும்பத் திரும்பத் தாக்கும், நீண்ட நாள் மருந்து வேண்டும். மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் என்ற, மயலின் உறையைத் தாக்கும் வேறொரு நோய்க்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் போன்ற சில மருந்துகள் என்.எம்.ஓ.வை மோசமாக்கவே செய்யும். ஆகவே டாக்டர் எழுதிய இரண்டுமே நியாயமான டெஸ்ட்டுகள். இரண்டுக்கும் ரத்தம்தான் சரியான மாதிரி.

கேள்வி: 12 வயது மகனுக்கு அடிக்கடி தலைவலி. எம்.ஆர்.ஐ. நார்மல். ஒரு லேபில் 'நரம்பு ஆன்டிபாடி பேக்கேஜ்' என்று எடுத்துக்கொண்டோம். 'எம்.ஓ.ஜி. பாசிட்டிவ் 1:10' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. லேப் மீது புகார் கொடுக்கலாமா?
(ஒரு தாய், தஞ்சாவூர்)

பதில்: அம்மா, முதலில் ஒரு குழந்தை நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், இணையத்தில் தேடிப் படித்துக்கொண்டு இருக்காதீர்கள். 1:10 என்பது ரத்தத்தைப் பத்து மடங்கு மட்டும் நீர்த்தும்போது தெரிந்த பாசிட்டிவ். பதப்படுத்திய செல் முறையில் 1:100-ம் அதற்கு மேலும்தான் தெளிவான பாசிட்டிவ். அதற்குக் கீழே குறைந்த பாசிட்டிவ். குறைந்த பாசிட்டிவ் மட்டும் இருந்தால் போதாது. பார்வை நரம்பு அழற்சி, தண்டுவட அழற்சி, ஏடெம் மாதிரி ஒரு தாக்குதலும், அதற்குப் பொருந்தும் ஸ்கேன் அடையாளங்களும் இருந்தாக வேண்டும். உங்கள் பையனுக்கு வெறும் தலைவலி, ஸ்கேனும் சுத்தம். பொய்ப் பாசிட்டிவாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த டெஸ்ட்டை நோய்க்குறி இல்லாதவர்களுக்குப் பேக்கேஜாக விற்பதே எனக்கு ஒப்புதல் இல்லை. அபூர்வமான நோயை எல்லோரிடமும் தேடினால், கிடைக்கும் பாசிட்டிவில் பொய்யே மிகுந்திருக்கும்.

புகார் விஷயம். கேட்ட டெஸ்ட்டைச் சரியான முறையில் செய்து கொடுத்திருந்தால், முடிவு பொய்ப் பாசிட்டிவ் என்பதற்காக மட்டும் சேவைக் குறைபாடு என்று நிரூபிப்பது கடினம். பில்லில் செல் பேஸ்டு என்று போட்டுவிட்டு எலைசா செய்திருந்தாலோ, ரிப்போர்ட்டில் எந்த முறை என்றே சொல்ல மறுத்தாலோ வழக்குக்கு இடம் உண்டு. பில், ரிப்போர்ட், விளம்பரத் துண்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். லேபுக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: எம்.ஓ.ஜி. பாசிட்டிவ் வந்த என் பேத்தி தேறிவிட்டாள். மாதாமாதம் டெஸ்ட் எடுக்க வருடச் சந்தா கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
(ஒரு தாத்தா, கோயம்புத்தூர்)

பதில்: வேண்டாம் ஐயா. ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் ஒருமுறை, முதலில் செய்த அதே முறையில் எடுத்தால் போதும். எப்போது என்பதை உங்கள் டாக்டர் சொல்வார். பல குழந்தைகளுக்கு அதற்குள் ஆன்டிபாடி மறைந்துவிடும், நோயும் ஒருமுறையோடு நின்றுவிடும். ஆன்டிபாடி தொடர்ந்தால் நோய் திரும்ப வரும் வாய்ப்புக் கூடுதல்தான், ஆனாலும் பாசிட்டிவாகவே இருந்தும் மறுபடி நோய் வராத குழந்தைகளும் உண்டு. சந்தாப் பணத்தை வைத்திருங்கள். பேத்திக்குத் திடீரென்று கண் மங்கினாலோ, கண்ணை அசைத்தால் வலித்தாலோ, கால் தளர்ந்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ அன்றே ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க அது உதவும்.