லைட் எரிகிறது, பிளக் சூடாகவில்லை

கேள்வி: கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் காய்கறி லோடு அடிக்கிறேன். பழைய 2 சிலிண்டர் டீசல் குட்டி யானை. பனிக்காலத்தில் விடியற்காலை எடுத்தால் பத்துப் பன்னிரண்டு முறை செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது, ஒரே வெள்ளைப் புகை. கீழே இறங்கிவிட்டால் ஒரே செல்ஃபில் பிடித்துக்கொள்கிறது. ஹீட்டர் பிளக் இரண்டையும் புதிதாக மாற்றிவிட்டேன். டெஸ்ட் லேம்ப் வைத்தால் பிளக் முனையில் நன்றாக எரிகிறது. டாஷ்போர்டு ஹீட்டர் லைட்டும் வந்து அணைகிறது. வேறு எதைப் பார்ப்பது?

பதில்: உங்களை ஏமாற்றுவதே அந்த டெஸ்ட் லேம்ப்தான். அதற்கு அரை ஆம்பியர் கூட வேண்டாம். ஹீட்டர் பிளக்கோ சூடேறத் தொடங்கும்போது ஒன்றுக்கே ஏறக்குறைய 15 ஆம்பியர் இழுக்கும். ஒயரில் பத்து இழைக்கு ஒன்பது அறுந்திருந்தாலும் மிச்சமுள்ள ஒரு இழை லேம்ப்புக்குப் போதும், பிளக்குக்குப் போதாது. டாஷ்போர்டு லைட்டையும் நம்ப வேண்டாம். அது டைமர் சொல்கிறபடி எரிந்து அணைகிற லைட். பிளக் உண்மையில் சூடானதா என்று அதற்குத் தெரியாது.

வெள்ளைப் புகை எரியாத டீசல். மோந்து பார்த்தால் பச்சை டீசல் வாடை அடிக்கும். அப்படியானால் டீசல் வருகிறது, பற்ற வைக்கிற சூடுதான் இல்லை. புகையே இல்லையென்றால் பிரச்சினை டீசல் லைனில். இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் உள்ளே போகிறது. உங்கள் வண்டியில் டீசல் நேராக சிலிண்டருக்குள் பாயாமல், பக்கத்திலுள்ள சின்ன அறைக்குள் பாய்கிறது. குளிர்ந்த அந்த அறையின் சுவர், அமுக்கத்தில் காற்று பெறும் சூட்டை உறிஞ்சிவிடும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஹீட்டர் பிளக். போதாக்குறைக்கு, கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். கீழே வந்தால் பிடித்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

முதலில் புது பிளக்குகளையே சந்தேகப்படுங்கள். இரண்டையும் இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பிளக் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே பாருங்கள். ஒரு ஓம் அக்கம்பக்கம் இருந்தால் நல்லது. ஒன்றும் காட்டாவிட்டால் பிளக் செத்துவிட்டது. மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் 0.2, 0.3 ஓமைக் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள்.

சரி, பிளக் நல்லது என்றே வைத்துக்கொள்வோம். பட்டையைத் திரும்ப மாட்டுங்கள். இனி எல்லாச் சோதனையும் பிளக் கரண்ட் இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் செய்ய வேண்டும். கரண்ட் இழுக்காதபோது அளந்தால் அழுகிய ஒயரும் 12 வோல்ட் காட்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பு முனையை பிளக் முனையிலும் வையுங்கள். ஒருவரைச் சாவி போடச் சொல்லுங்கள். மீட்டர் இப்போது காட்டுவது வழியில் தொலைகிற வோல்ட். ஒரு வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. 3 வோல்ட் காட்டினால் சூடு கால்வாசிதான் குறையும் என்று நினைத்துவிட வேண்டாம், கிட்டத்தட்ட பாதியாகிவிடும்.

அப்புறம் கறுப்பு முனையை ஒவ்வொரு இடமாகப் பின்னால் நகர்த்துங்கள்: பிளக்குக்குப் போகும் கரண்ட்டைத் திறந்து மூடும் ரிலேயிலிருந்து வெளியே வரும் 87 என்ற எண் போட்ட முனை, உள்ளே போகும் 30 என்ற முனை, அதற்கு முந்தைய பெரிய ஃபியூஸ். எந்த இரண்டு இடத்துக்கு நடுவே அளவு சட்டென்று விழுகிறதோ அங்கேதான் கோளாறு. டைமர் சில நொடியில் ரிலேயை விட்டுவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் சாவியை அணைத்துப் போட வேண்டும். 30, 87 நடுவே மட்டும் ஒரு வோல்ட் போகிறதென்றால் ரிலேயின் காண்டாக்ட் கருகியிருக்கும். "டக்" என்று சத்தம் வருவது ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருள் வேலை செய்கிறது என்பதற்குத்தான் சாட்சி. ஒயர் முனையில் மாட்டியிருக்கும் உலோக வளையமான லக்கில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் உப்புத்தாள் போட்டுச் சுரண்டினால் போதாது, ஒயரை வெட்டிப் புது லக் அடியுங்கள்.

எர்த்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள், நானும்தான். ஒரு ஜீப்புக்கு நாலு பிளக்கும் மாற்றி, ரிலேயும் மாற்றிய பிறகுதான் இன்ஜினுக்கு வரும் எர்த் பட்டை பாதி அறுந்திருந்ததைப் பார்த்தேன். வண்டிக்காரரிடம் பிளக்குக்குக் காசு வாங்கக் கூச்சமாகிவிட்டது. சிவப்பை இன்ஜின் பிளாக்கிலும் கறுப்பை பேட்டரி நெகட்டிவ் தூணிலும் வைத்து, பிளக் சூடாகும்போது அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது.

கிளாம்ப் மீட்டர் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். டிசி ஆம்பியர் காட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்; மலிவானவற்றில் பல ஏசி மட்டும்தான் அளக்கும். இரண்டு பிளக்குக்கும் போகும் மெயின் ஒயரில் கவ்வினால் முதலில் 30 ஆம்பியர் போல ஏறி, சூடாக ஆகக் குறைய வேண்டும். பாதிதான் வருகிறதென்றால் ஒரு பிளக்குக்குக் கரண்ட் போகவில்லை.

சில பட்டறைகளில் ரிலேயைத் தூக்கிவிட்டு டாஷ்போர்டில் ஹாரன் சுவிட்ச் ஒன்றை வைத்து நேரடியாகக் கொடுத்துவிடுவார்கள். 30 ஆம்பியரை அந்தச் சுவிட்ச் தாங்காது, உருகித் தீப்பிடிக்கும். சுவிட்ச் வைத்தே ஆக வேண்டுமென்றால் அது ரிலேயை மட்டும் இயக்கட்டும். ஃபியூஸ் இல்லாமல் விடாதீர்கள். இன்ஜின் பிடிக்கவில்லை என்று, சட்டென்று தீப்பற்றும் ஈதர் ஸ்ப்ரேயை உள்ளே அடிக்கிற பழக்கமும் வேண்டாம். உள்ளே செந்தணலாக பிளக் இருக்கும்போது ஈதர் போனால் பிஸ்டனையே உடைத்துவிடும்.

புது பிளக் வாங்கும்போது உடம்பில் அடித்திருக்கும் வோல்ட்டைப் படியுங்கள். புதிய மாடல் வண்டிகளின் பிளக்குகளில் சில 4.4 வோல்ட்டுக்கானவை, 12 வோல்ட் கொடுத்தால் நொடியில் எரிந்துபோகும். உங்கள் பழைய பிளக்குகளைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அவற்றையும் ஓம் பாருங்கள். முனை வீங்காமல், அளவும் சரியாக இருந்தால் துடைத்து டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள்.